வெளித்திரை 1024×768-ஐத் தாண்ட மறுக்கிறது (லினக்ஸ் மடிக்கணினி)

கேள்வி, 3 பிப்ரவரி 2025

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். லினக்ஸ் மின்ட் நிறுவிய பழைய மடிக்கணினியை 1920×1080 வகைத் திரையுடன் இணைத்தால் 1024×768-க்கு மேற்பட்ட அளவு எதுவும் பட்டியலில் வருவதில்லை. எழுத்துகள் பருத்து, பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிகின்றன. அதே திரையை விண்டோஸ் மேசைக்கணினியில் செருகினால் எந்தக் குறையும் இல்லை. ஆகவே கோளாறு லினக்ஸில்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். விண்டோஸுக்கே திரும்பிவிடலாமா, ஐயா?

3 பிப்ரவரி 2025, இரவு

அந்த முடிவைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள், டீச்சர். 1024×768 என்ற எண்ணே துப்புக் கொடுத்துவிடுகிறது. இணைக்கப்பட்ட திரை தன்னைப் பற்றி எதுவும் சொல்லாதபோது, எந்தத் திரையும் இதைத் தாங்கும் என்ற நம்பிக்கையில் லினக்ஸின் மையநிரலான கெர்னல் தானாக வைத்துக்கொள்ளும் உச்ச அளவு அதுதான். மடிக்கணினிக்கும் திரைக்கும் இடையில் என்னென்ன செருகியிருக்கிறீர்கள்? மேசைக்கணினியில் பார்த்தபோதும் அதே கேபிள்தானா?

4 பிப்ரவரி 2025

டீச்சரின் பதில்: மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துளை. அதில் பழைய விஜிஏ வகைக்கு மாற்றும் அடாப்டர். அதன் பிறகு அலமாரியில் கிடந்த ஒரு விஜிஏ கேபிள். மேசைக்கணினியில் மட்டும் திரையுடன் வந்த சொந்தக் கேபிள். அப்படியானால் ஒப்பிடப்பட்டது விண்டோஸும் லினக்ஸும் அல்ல, இரண்டு கேபிள்கள்.

நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு திரையும் தன் விவரங்களை 128 பைட்டுகள் (பலவற்றில் கூடுதலாக இன்னொரு 128) கொண்ட ஒரு சிறு தொகுப்பாகத் தன்னுள் வைத்திருக்கிறது. அதன் பெயர் ஈடிஐடி. திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 1994-இல் கொண்டுவந்த முறை. தயாரிப்பாளர் யார், எந்த ஆண்டில் செய்யப்பட்டது, எந்தெந்த அளவுகளைத் தாங்கும், அவற்றுள் எது உகந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பெண் பார்க்கப் போகும் முன் ஜாதகம் கேட்பது போல, படம் அனுப்பும் முன் மடிக்கணினி அதைக் கேட்டு வாங்குகிறது. ஜாதகம் வரவில்லை என்றால் சம்பந்தம் முறியாது. ஆனால் 1024×768-க்கு மேல் மரியாதை கிடைக்காது.

வந்திருக்கிறதா என்று பார்க்கச் சிறப்பு மென்பொருள் எதுவும் வேண்டாம். கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்று செல்லுங்கள். ஒவ்வொரு இணைப்புத் துளைக்கும் ஒரு கோப்புறை இருக்கும். எச்டிஎம்ஐ பெயர் கொண்டதன் உள்ளே ஸ்டேட்டஸ் என்ற கோப்பும் ஈடிஐடி என்ற கோப்பும் இருக்கும். முதலாவது, திரை இணைந்திருப்பதாகச் சொல்ல வேண்டும். இரண்டாவதில் எத்தனை பைட்டுகள் உள்ளன என்பதை டபிள்யூசி கட்டளையால் எண்ணுங்கள். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை காட்டும் அளவை மட்டும் நம்ப வேண்டாம். இது கெர்னல் கேட்டவுடன் உருவாக்கித் தரும் கோப்பு என்பதால், உள்ளே முழு விவரமும் இருந்தாலும் எல்எஸ் சுழியம் என்றே காட்டும். இந்த ஓரிடத்தில் தடுமாறி, ஈடிஐடி இல்லை என்று முடிவுகட்டி, நல்ல கேபிளைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

128 அல்லது 256 என்று வந்தால் விவரம் வந்துசேர்ந்திருக்கிறது. சுழியம் என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

6 பிப்ரவரி 2025

சுழியம் என்று பதில் வந்திருக்கிறது. இனி லினக்ஸை விட்டுவிட்டுக் கேபிளைக் கையில் எடுக்கலாம்.

விஜிஏ முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஐந்தைந்தாக மூன்று வரிசைகள், மொத்தம் 15 இடங்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வண்ணங்களும் முதல் வரிசையின் 1, 2, 3 ஆகிய ஊசிகளில் செல்கின்றன. ஈடிஐடி செல்வது கடைசி வரிசையின் 12-ஆம், 15-ஆம் ஊசிகளில். நடுவரிசையில் 9-ஆம் இடம் காலியாக இருந்தால் பதற வேண்டாம். பல கேபிள்களில் அது இருப்பதில்லை. திரைக்கு மின்சாரம் இல்லாதபோதும் அதன் நினைவகத்தைப் படிக்க 5 வோல்ட் அனுப்பும் ஊசி அது. திரை இயங்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. 12 அல்லது 15 இல்லாவிட்டால் கதை வேறு. படம் மட்டும் அழகாக வரும், விவரம் வராது. ஊசி வெளியே தெரிந்தும் உள்ளே கம்பியே இழுக்கப்படாத மலிவுக் கேபிள்களும் இருக்கின்றன. அவற்றைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது.

பினாங்குக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம் என்பதால், பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். என் வீட்டுப் பழைய கேபிள் ஒன்று அப்படித்தான் இருந்தது. துடைத்துச் செருகியபோது சில நாள் ஒழுங்காக இருந்துவிட்டு, மீண்டும் மௌனமாகிவிட்டது. துடைப்பது சோதனைக்கு உதவும், தீர்வாகாது.

12 பிப்ரவரி 2025

தைப்பூசம் முடிந்து தண்ணீர்மலையிலிருந்து திரும்பிய களைப்பிலும் டீச்சர் சோதித்துப் பார்த்திருக்கிறார். அடாப்டர் அதுவே, கேபிள் மட்டும் திரையுடன் வந்தது. 128 பைட்டுகள் வந்துவிட்டன. 1920×1080 தானாகவே பட்டியலில் தோன்றிவிட்டது. எந்த டிரைவரையும் தொடவில்லை.

ஆனால் எழுத்துகள் இன்னும் துல்லியமாக இல்லையாம். "ன்" மேல் உள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறத்தில் தெரிகிறதாம். விஜிஏ அனலாக் வழி என்பதால், வரும் அலையில் ஒவ்வொரு பிக்சலும் எங்கே தொடங்குகிறது என்பதைத் திரை ஊகிக்க வேண்டியிருக்கிறது. விளிம்புவரை எழுத்துகள் நிறைந்த ஒரு பக்கத்தைத் திரை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு, திரையின் சட்டத்தில் உள்ள தானியங்கிச் சீரமைப்புப் பொத்தானை அழுத்துங்கள். வெறும் நீலப் பின்னணியை வைத்துக்கொண்டு அழுத்தினால் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. தமிழ் எழுத்துகள் இதற்கு மிகவும் பொருத்தம்: ண, ன ஆகிய இரண்டின் சுழிகளையும் தொலைவிலிருந்து எண்ண முடிந்தால் சீரமைப்புச் சரியாக உள்ளது.

15 பிப்ரவரி 2025

வேறு கேபிள் கிடைக்காதவர்கள், அளவைக் கையால் எழுதிச் சேர்ப்பது எப்படி என்று கேட்கிறார்கள். லினக்ஸில் திரையை வரையும் பழைய முறையான எக்ஸ்11 அமர்வாக இருந்தால் மூன்று படிகள்: சிவிடி கட்டளையால் அளவுக்கான நேரக்கணக்கை வரவழைப்பது, எக்ஸ்ரேண்டர் கட்டளையால் அதைப் புதிய முறையாகப் பதிவது, பிறகு அதை உரிய துளையுடன் சேர்த்து இயக்குவது. இணையத்தில் இதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதாமல் விடுவது முதல் படியில் உள்ள பொறி.

சிவிடி-யிடம் 1920, 1080, 60 என்று மட்டும் சொன்னால் 173 மெகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 17.3 கோடி) பிக்சல் வேகம் கொண்ட கணக்கைத் தரும். பழைய படக்குழாய்த் திரைகளில் மின்கற்றை ஒவ்வொரு வரி முடிவிலும் திரும்பிச் செல்ல வேண்டியிருந்த அவகாசத்தையும் அது சேர்த்துக்கொள்கிறது. இன்றைய தட்டைத் திரைக்கு அந்த அவகாசம் தேவையில்லை. பழைய எச்டிஎம்ஐ, ஒற்றை இணைப்பு டிவிஐ ஆகியவற்றின் உச்ச வரம்போ 165 மெகாஹெர்ட்ஸ். ஆகவே 173 மறுக்கப்படுகிறது, மக்கள் லினக்ஸைத் திட்டுகிறார்கள். சுருக்கிய அவகாசம் வேண்டும் என்று ஆர் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அதே அளவுக்கு 138.5 மெகாஹெர்ட்ஸ் போதும்.

நான் இரண்டையும் விட்டுவிட்டு, தொலைக்காட்சிகளும் பயன்படுத்தும் நேரக்கணக்கையே கையால் எழுதுவேன்: வேகம் 148.5, கிடை எண்கள் 1920, 2008, 2052, 2200, செங்குத்து எண்கள் 1080, 1084, 1089, 1125, இரு ஒத்திசைவுகளும் நேர்க்குறி. சரிபார்ப்பது எளிது: 2200-ஐ 1125-ஆல் பெருக்கி, அதை 60-ஆல் பெருக்கினால் 14 கோடியே 85 லட்சம். இந்தக் கணக்கை ஏற்காத 1080 திரையை நான் இன்னும் பார்க்கவில்லை.

16 பிப்ரவரி 2025

துளையின் பெயரை ஊகித்து எழுதாதீர்கள். எக்ஸ்ரேண்டர் "எச்டிஎம்ஐ-1" என்று அழைப்பதையே கெர்னல் "எச்டிஎம்ஐ-ஏ-1" என்று அழைக்கும். ஓரிடத்துப் பெயரை மற்றோரிடத்தில் எழுதினால் எதுவும் நடக்காது.

23 பிப்ரவரி 2025

எக்ஸ்ரேண்டர் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி, உள்நுழையும்போது தானாக ஓடும்படி வைத்திருப்பதாக இருவர் எழுதியிருக்கிறார்கள். 15-ஆம் தேதிக் குறிப்பு அதற்குத் தூண்டியிருக்கக்கூடும். சோதனைக்கு அது சரி. நிரந்தரமாக வைத்துக்கொண்டால், கேபிளைக் கழற்றி மாட்டும்போதும் தூக்கத்திலிருந்து கணினி எழும்போதும் மீண்டும் 1024×768 வந்து நிற்கும். உள்நுழைவுத் திரையோ எப்போதும் தவறாகவே இருக்கும்.

கெர்னலிடமே சொல்லிவிடுவது மேல். கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரலின் அமைப்பில் கெர்னலுக்குப் போகும் வரியில் வீடியோ என்ற அளபுருவை எழுதி, துளையின் பெயரையும் அளவையும் கொடுக்கலாம். அளவை அடுத்து எம், ஆர் என்ற இரு எழுத்துகளைச் சேர்த்தால் சுருக்கிய அவகாசத்துடன் கணக்கிட்டுக்கொள்ளும். இதைவிடத் திடமான வழி, முழு ஈடிஐடி-யையும் கோப்பாகக் கொடுத்துவிடுவது. நல்ல கேபிளில் இணைத்திருக்கும்போது சிஸ் கோப்புறையிலிருந்து அந்தப் பைட்டுகளைப் படியெடுத்து, லிப் கோப்புறையின் கீழ் ஃபர்ம்வேர், அதன் கீழ் ஈடிஐடி என்ற இடத்தில் வைத்து, டிஆர்எம் தொகுதியின் ஈடிஐடி-ஃபர்ம்வேர் அளபுருவில் அந்தப் பெயரைக் குறிப்பிட வேண்டும். கிராபிக்ஸ் டிரைவர் தொடக்கத்திலேயே ஏறிவிடும் கணினிகளில், இந்தக் கோப்பை, தொடக்கத்தில் கெர்னலுடன் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் தொகுப்புக்குள்ளும் சேர்த்தால்தான் பலிக்கும். "எழுதினேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களில் பாதிப்பேர் அங்கே நிற்கிறார்கள்.

படியெடுத்த கோப்பு பழுதில்லாததா என்று பார்க்க இரண்டு அடையாளங்கள். முதல் எட்டுப் பைட்டுகள்: ஒரு சுழியம், அடுத்து ஆறு 255-கள், மீண்டும் ஒரு சுழியம். இரண்டாவது, 128 பைட்டுகளையும் கூட்டினால் வரும் தொகை 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அதற்காகவே கடைசிப் பைட்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நீண்ட கேபிளில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் இந்தக் கூட்டல் காட்டிக்கொடுத்துவிடும், கெர்னல் பதிவிலும் அதுபற்றி முணுமுணுப்பு இருக்கும்.

2 மார்ச் 2025

கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி. லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் 2560×1440 திரை ஒன்றை வாங்கி, 2012-ஆம் ஆண்டு மடிக்கணினியில் எச்டிஎம்ஐ வழியாக இணைத்திருக்கிறார்; 1920×1080-உடன் நின்றுவிடுகிறது. ஈடிஐடி முழுமையாக, 256 பைட்டுகளாக வந்திருக்கிறது. டீச்சருடைய சிக்கலும் இதுவும் வெளியே ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே நேர்மாறானவை: அங்கே திரை பேசவில்லை, இங்கே திரை கேட்பதைக் கொடுக்க மடிக்கணினியால் இயலவில்லை.

2560×1440-ஐ 60 ஹெர்ட்ஸில் காட்ட, சுருக்கிய அவகாசத்திலும் 241.5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அவருடையது இன்டெல்லின் மூன்றாம் தலைமுறைச் செயலி. அந்தத் தலைமுறையின் எச்டிஎம்ஐ-க்கு லினக்ஸ் டிரைவர் வைத்திருக்கும் வரம்பு 225. அடுத்த தலைமுறையில்தான் அது 300 ஆனது. வரம்பை மீறும் அளவுகளை டிரைவர் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும், காரணமும் சொல்லாது. (அந்தச் செயலியின் மீது "மலாய்" என்று பொறித்திருந்தால், 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் கால்வைத்த அந்த நிறுவனத்தின் மலேசிய ஆலைகளில் ஒன்றில் முடிக்கப்பட்டது என்று பொருள். பினாங்குக்காரன் என்ற முறையில் அந்த வரம்புக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன்.)

225-க்குள் அடக்க வழி இருக்கிறது. சுருக்கிய அவகாசத்துக்கு 60-இன் மடங்குகளை மட்டுமே சிவிடி ஏற்கும் என்பதால் 55 ஹெர்ட்ஸ் என்று கேட்டால் மறுத்துவிடும். ஆகவே 60-க்கான எண்களையே எடுத்துக்கொண்டு வேகத்தை மட்டும் குறையுங்கள்: வேகம் 221, கிடை எண்கள் 2560, 2608, 2640, 2720, செங்குத்து எண்கள் 1440, 1443, 1448, 1481, கிடை ஒத்திசைவு நேர்க்குறி, செங்குத்து எதிர்க்குறி. ஏறத்தாழ 55 ஹெர்ட்ஸ் கிடைக்கும். எழுதுவதற்கும் படிப்பதற்கும் அந்த ஐந்தின் குறை தெரியாது. அதே மடிக்கணினியில் சிறிய டிஸ்பிளேபோர்ட் துளை இருந்தால் இந்த வித்தை எதுவும் தேவையில்லை; அதில் நேராக 60 வரும்.

3 மார்ச் 2025

55 ஹெர்ட்ஸ் வேலை செய்கிறதாம். பக்கத்தை உருட்டும்போது மட்டும் மெல்லிய இழுப்பு இருப்பதாகச் சொல்கிறார். ஓடும் படங்களுக்கு 1080-க்கே இறங்கிக்கொள்ளலாம்.

9 மார்ச் 2025

யூஎஸ்பி-சி ஹப் வழியாக 4கே (3840×2160) திரையை இணைத்தால் 30 ஹெர்ட்ஸ்தான் வருகிறது, சுட்டி சேற்றில் நடக்கிறது என்ற புகார் இங்கே மூன்று பேரிடமிருந்து. ஹப்பின் பெட்டியில் "4கே" என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். எத்தனை ஹெர்ட்ஸ் என்பது பெட்டியின் அடிப்பக்கத்தில் இருந்தால் அதிர்ஷ்டம்.

யூஎஸ்பி-சி துளையில் அதிவேகப் பாதைகள் நான்கு. வேகமான யூஎஸ்பி-யையும் சேர்த்துத் தரும் ஹப், இரண்டை அதற்கு எடுத்துக்கொண்டு மீதி இரண்டைத்தான் படத்துக்குக் கொடுக்கும். பாதைக்கு 5.4 கிகாபிட் வீதம், குறியீட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு போக, இரண்டிலும் சேர்ந்து 8.64 மிஞ்சும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு வேண்டியது 12.8. 30 ஹெர்ட்ஸுக்குப் பாதிதான் என்பதால் அது வருகிறது. பாதைக்கு 8.1 கிகாபிட் தரும் புதிய வகையில் இரண்டு பாதைகளில் 12.96 கிடைக்கும், மயிரிழையில் அடங்கிவிடும். இங்கே லினக்ஸில் திருத்த எதுவும் இல்லை. ஹப்பைத் தவிர்த்து, யூஎஸ்பி-சி-யிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்கு நேராகச் செல்லும் கேபிளைப் போட்டால் நான்கு பாதைகளும் படத்துக்கே கிடைக்கும்.

டிஸ்பிளேலிங்க் வகை டாக்குகள் (பல துளைகள் தரும் இணைப்புப் பெட்டிகள்) இந்தக் கணக்கில் சேரா. அவை படத்தைச் சுருக்கி யூஎஸ்பி தரவாக அனுப்புகின்றன. அதற்கு ஈவிடிஐ என்ற தனித் தொகுதி கெர்னலில் ஏற வேண்டும். கையொப்பமில்லா நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அத்தொகுதி கையொப்பமிடப்படாவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும்.

20 மார்ச் 2025

டீச்சர் மீண்டும்: பள்ளி மண்டபத்துத் தொலைக்காட்சியில் 1920×1080 சரியாக வருகிறது, ஆனால் மேலே பணிப்பட்டை வெட்டுப்படுகிறது, கறுப்பு நிறம் சாம்பலாக இருக்கிறது. இவை இரண்டு தனிச் சிக்கல்கள். வெட்டுப்படுவது, தொலைக்காட்சி தானே படத்தைச் சற்றுப் பெரிதாக்குவதால். அதன் பட அமைப்பில் ஓவர்ஸ்கேன் என்பதை அணையுங்கள், மடிக்கணினியில் அளவைக் குறைத்துச் சமாளிக்க வேண்டாம். சாம்பல் நிறம், நிற வரம்பு பொருந்தாததால். ஒரு பக்கம் 0 முதல் 255 வரை எண்ண, மறுபக்கம் 16 முதல் 235 வரை எண்ணுகிறது. இன்டெல் கிராபிக்ஸில் எக்ஸ்ரேண்டர் வழியாக "பிராட்காஸ்ட் ஆர்ஜிபி" என்ற பண்பைத் "தானியங்கி"யிலிருந்து "முழு" என்று மாற்றிப் பாருங்கள். தவறான பக்கம் போனால் நிழல்கள் முழுக் கறுப்பில் மூழ்கிவிடும், உடனே தெரிந்துவிடும்.

21 மார்ச் 2025

எழுத்து சிறிதாக இருக்கிறது என்பதற்காக 4கே திரையை 1920×1080-இல் ஓட்டுகிறவர்கள், அளவை அப்படியே விட்டுவிட்டு அமைப்பில் 150 அல்லது 200 விழுக்காடு பெரிதாக்கிக்கொள்ளலாம். ஆங்கிலம் மட்டும் படிப்பவர் வேறுபாட்டை உணராமல் போகலாம். "ஞ", "ஊ", "ணை" போன்றவற்றில் உள்வளைவுகள் நெருங்கி இருப்பதால், தமிழ் படிப்பவருக்குச் சில நிமிடங்களிலேயே கண் சொல்லிவிடும்.

18 அக்டோபர் 2025

பிப்ரவரிக் குறிப்புகளைப் பின்பற்றியவர், உபுண்டு லினக்ஸ் 25.10-க்கு மாறியபின் எக்ஸ்ரேண்டர் எதையும் ஏற்பதில்லை என்கிறார். ஏற்காது. அந்தப் பதிப்பில் நோம் என்ற மேசைச்சூழலுக்கான எக்ஸ்11 அமர்வையே எடுத்துவிட்டார்கள், அதன் இடத்துக்கு வந்த புதிய முறையான வேலேண்ட் மட்டும்தான். வேலேண்டில் எக்ஸ்ரேண்டர் பார்ப்பது பழைய மென்பொருள்களுக்காக ஒதுக்கப்பட்ட நிழல் திரையை. அது பட்டியல் காட்டும், ஆனால் உண்மைத் திரையை மாற்ற அதற்கு அதிகாரம் இல்லை. எந்த அமர்வில் இருக்கிறோம் என்பதை எக்ஸ்டிஜி-செஷன்-டைப் என்ற சூழல் மாறி ஒரே வரியில் சொல்லிவிடும்.

ஆகவே 15 பிப்ரவரி குறிப்பை எக்ஸ்11 உள்ளவர்கள் மட்டும் படியுங்கள். லினக்ஸ் மின்ட்டின் சினமன் மேசைச்சூழல் இன்றும் இயல்பாக எக்ஸ்11-இல்தான் ஓடுகிறது என்பதால் டீச்சருக்குக் கவலை இல்லை. ஸ்வே என்ற வேலேண்ட் சூழலைப் பயன்படுத்துபவர்கள் அதன் அமைப்புக் கோப்பிலேயே தனிப்பயன் அளவை எழுதலாம். நோம்காரர்களுக்கு 23 பிப்ரவரி குறிப்பில் உள்ள கெர்னல் வழிதான். கெர்னலில் சேர்த்த அளவு எக்ஸ்11, வேலேண்ட் ஆகிய இரண்டிலும் பட்டியலில் வரும்.

2 நவம்பர் 2025

ஏஎம்டி கிராபிக்ஸ் கொண்ட புதிய மடிக்கணினி, எச்டிஎம்ஐ 2.1 துளை, 4கே 120 ஹெர்ட்ஸ் திரை. லினக்ஸில் 60-க்கு மேல் முழு நிறத்தில் வரவில்லை. கேபிளை மாற்றிப் பயனில்லை. எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறமூல டிரைவரில் வெளியிட ஏஎம்டி முன்வைத்த திட்டத்தை, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் ஏற்கவில்லை என்பது 2024 பிப்ரவரியில் வெளியானது. எனவே அந்த டிரைவர் எச்டிஎம்ஐ 2.0-இன் 600 மெகாஹெர்ட்ஸ் வரம்புக்குள்ளேயே நிற்கிறது. 4கே 60-க்கு வேண்டிய 594 அதில் அடங்கும், 120 அடங்காது. அந்த மடிக்கணினியின் யூஎஸ்பி-சி துளையிலிருந்து திரையின் டிஸ்பிளேபோர்ட்டுக்குக் கேபிள் போடுங்கள். வாங்கும் முன் இரண்டைச் சரிபாருங்கள்: துளையின் அருகில் டிஸ்பிளேபோர்ட் குறி இருக்க வேண்டும், கேபிள் அந்தத் திசையில் செல்லும் வகையாக இருக்க வேண்டும். யூஎஸ்பி-சி-யிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குச் செல்பவற்றில் பல, மறுதிசையில் வேலை செய்வதில்லை.